விடைக்குறிப்பில் இல்லாத விடை

கணிதத் துறையில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் வீட்டுக்கு வந்து, "மேடம், இன்ஜினியரிங் பசங்களுக்கு மேத்ஸ் எப்படி நடத்தணும்னு நீங்க ஒரு அரை மணி நேரம் பேசணும்" என்று கேட்டீர்கள். நான் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் நிற்காது என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எழுதித் தருகிறேன். பாடம் நடத்துவதை நீங்கள் நடத்தி நடத்தித்தான் கற்றுக்கொள்வீர்கள். போர்டை எப்படிப் பிரித்துக்கொள்வது, கடைசி பெஞ்சை எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் சொல்லி உங்களைத் தூங்கவைக்க எனக்கு விருப்பமில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். முப்பத்திரண்டு வருஷ வேலையில் எத்தனையோ தப்புகள் செய்திருக்கிறேன், ஆனால் இது ஒன்றுதான் இன்னும் என்னை விடவில்லை.

அதற்கு முன்னால் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் முதன்முதலில் விடைத்தாள் திருத்தப் போன முகாமில் என் பக்கத்து நாற்காலியில் ஒரு மூத்த பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கட்டுக் கட்டாகத் தள்ளிக்கொண்டிருக்க, அவர் மட்டும் நடுநடுவே பேனாவை மூடி வைத்துவிட்டு, முகாமுக்கு வரச்சொல்லி வந்த உத்தரவின் பின்பக்கத்தில் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் எட்டிப் பார்த்தேன். எல்லாம் தப்பான விடைகள். ஒரு மாணவன் நிகழ்தகவு கணக்கில் ஒன்றேகால் என்று விடை எழுதியிருந்தான். ஒன்றுக்கு மேல் போகவே முடியாத விஷயம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"முக்கால், அரை, ரெண்டையும் கூட்டியிருக்கான் பாருங்க. ரெண்டுத்துக்கும் பொதுவா இருக்கறதக் கழிக்கல. ரெண்டு தடவ எண்ணிட்டான். எண்ணத் தெரிஞ்சவன்தாம்மா ரெண்டு தடவ எண்ணுவான்" என்று சொல்லி, எட்டு மதிப்பெண்ணில் மூன்று போட்டார்.

அவரிடமிருந்து அந்த ஆர்வம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு விடையைப் பார்த்தால் சரியா தப்பா என்பதைவிட, இந்தப் பிள்ளை எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தது என்று யோசிக்க ஆரம்பித்தேன். உண்மையில் திருத்தும் வேலையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். ஆனால் அந்த ஆர்வத்துக்கும் ஊர் திரும்பும் பஸ்ஸுக்கும் போட்டி வந்தால் பஸ்தான் ஜெயிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஏழுமலை சிவில் பிரிவு மாணவன். அடி அண்ணாமலையில் வீடு. கொஞ்சம் நிலம் இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அவன் அம்மாவும் அப்பாவும் மோரும் வெள்ளரிக்காயும் விற்பார்கள். முதல் வருஷத்தில் அவன் வகுப்புக்குக் கணக்கு எடுத்தது நான்தான். இரண்டாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வாரத்துக்கு ஒரு தடவையாவது எழுந்து, "மேடம், இது எங்க டிபார்ட்மென்ட்ல எதுக்கு வரும்?" என்று கேட்பான். இந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்பார்கள், பழகிக்கொள்ளுங்கள். நானும் பழகிய பதிலையே சொல்வேன்: "பின்னாடி தேவைப்படும்ப்பா, இப்ப எழுதிக்கோ." எந்தப் பின்னாடி, யாருக்குத் தேவைப்படும் என்று எனக்கே தெரியாது. நான் கணக்கு படித்தவள். ஒரு பாலத்தையோ தடுப்புச் சுவரையோ கட்டுவதைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை.

எதுக்கு என்று தெரியாத எதுவும் அவன் மண்டையில் ஏறாது. எல்லாப் பாடமும் பாஸ் பண்ணினவனுக்கு இரண்டாம் செமஸ்டர் கணக்கு மட்டும் அரியராக நின்றுவிட்டது. மூன்று முறை எழுதி மூன்று முறையும் போயிற்று. கடைசி செமஸ்டரில் நாலாவது முறையாக எழுதினான். அதற்குள் கேம்பஸில் அவனுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. பாலம் கட்டும் கம்பெனி. அவன் வகுப்பிலிருந்து இரண்டே பேரைத்தான் எடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: வேலையில் சேரும் நாளன்று அரியர் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அந்த இடம் பட்டியலில் அடுத்து இருப்பவனுக்குப் போய்விடும்.

ரிசல்ட் வந்தது. ஏழு மதிப்பெண்ணில் போய்விட்டது.

இப்படி ஆகும்போது என்ன வழி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாணவன் தன் விடைத்தாளின் ஜெராக்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். அதை அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர் ஒருவர் பார்த்து, இவ்வளவு போடலாம் என்று பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிரின்சிபால் கையெழுத்தும் வாங்கிக் கெடு முடிவதற்குள் அனுப்பினால்தான் பல்கலைக்கழகத்தில் மறுமதிப்பீடு செய்வார்கள். அந்த முறை கெடு பௌர்ணமி அன்று மாலை நாலு மணியோடு முடிந்தது. ஏழுமலை என் அறைக்கு வந்தது அதற்கு முந்தின நாள் மதியம்.

பிளாஸ்டிக் ஃபைலிலிருந்து ஜெராக்ஸை எடுத்து மேஜையில் வைத்தான். மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"மேடம், இந்த பதினாறு மார்க் கணக்குல எங்க தப்புன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

அது ஒரு வகைக்கெழுச் சமன்பாடு. பாதி வரைக்கும் ஒழுங்காகப் போட்டிருந்தான். அந்தப் பாதிக்கு ஆறு மதிப்பெண் விழுந்திருந்தது. மீதிப் பாதியின் கடைசி வரியில் ஒரு சாய்ந்த கோடு, பக்கத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி. அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்குறியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் கேள்விக்குறி போட்டால் கீழே புள்ளி வைக்க மாட்டேன். ஒரு சின்னக் கோடு இழுத்து விடுவேன். மளிகை லிஸ்ட்டில்கூட அப்படித்தான் போடுவேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆறு என்று எழுதியிருந்த விதமும் என்னுடையதுதான். கீழ்ச்சுழியை மூடாத ஆறு. அந்தத் தாளைத் திருத்தியது நான்.

விடைத்தாளில் மாணவனின் பெயரோ பதிவு எண்ணோ தெரியாது, டம்மி நம்பர்தான் இருக்கும். எந்தக் கல்லூரித் தாள் யாரிடம் வரும் என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. அப்படித்தான் என் மாணவனின் தாளே என் கைக்கு வந்து, நான் அவனை ஏழு மதிப்பெண்ணில் கவிழ்த்திருக்கிறேன்.

"வெச்சுட்டுப் போப்பா. காலைல ஒம்பது மணிக்கு வா" என்றேன். முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பெரும்பாடாக இருந்தது.

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். கணக்கின் கடைசிக் கட்டத்தில் செக் (sec) என்ற முக்கோணவியல் சார்பைத் தொகையிட வேண்டும். விடைக்குறிப்பில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த விடை: அந்தக் கோணத்தின் செக்கையும் டேனையும் கூட்டி அதற்கு லாக் எடுப்பது. ஏழுமலை அதை எழுதவில்லை. கோணத்தைப் பாதியாக்கி, அதோடு நாற்பத்தைந்து டிகிரியைக் கூட்டி, அதற்கு டேன் எடுத்து, அதற்கு லாக் எடுத்திருந்தான். பார்க்க இரண்டும் துளிகூட ஒத்துப்போகாது. கால்குலேட்டரை எடுத்தேன். கோணம் நாற்பத்தைந்து என்று வைத்துக்கொண்டேன். செக்கும் டேனும் கூட்டினால் 2.414. அவன் சொன்னபடி இருபத்திரண்டரையோடு நாற்பத்தைந்தைக் கூட்டி அறுபத்தேழரைக்கு டேன் எடுத்தேன். 2.414. முப்பது டிகிரிக்குப் போட்டேன். இரண்டும் 1.732. அதற்கு மேல் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. இந்த வடிவத்தை நானே மாணவியாக இருந்தபோது பழைய புத்தகத்தில் படித்திருக்கிறேன்.

அப்போதுதான் முகாமின் அந்த மாலை ஞாபகம் வந்தது. வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. மே மாசத்து வெக்கை. கையில் கடைசிக் கட்டு, அதிலும் கடைசி நாலைந்து தாள்கள். நாலே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்ததில் நின்றுகொண்டே வர வேண்டும். இந்த விடையைப் பார்த்ததும் 'இது எப்படி வந்தது?' என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. அதனால்தான் கேள்விக்குறி போட்டேன். போட்டுவிட்டு, பதிலைத் தேடாமல் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். பஸ் கிடைத்தது. ஜன்னல் சீட்டும் கிடைத்தது. எனக்கு அதுகூட ஞாபகம் இருக்கிறது.

உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் போல, பேசாமல் பதினாறு என்று பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம், யார் திருத்தினார்கள் என்று யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. நல்ல பெயர் என்பதை வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பயம் இருக்கும். அப்புறம் அந்த ஜெராக்ஸின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.

அது ரஃப் ஒர்க் பக்கம். முகாமில் அதன் மேல் நான் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தேன். வழக்கமாக அப்படித்தான் இழுப்போம். கோட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தது? ஏழுமலை தன் விடையை அங்கே மறுபடி வகையிட்டுப் பார்த்திருந்தான். வரி வரியாக இறங்கி, கடைசியில் செக் வந்திருந்தது. சரிபார்த்து, பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டுக்கொண்டிருந்தான். அதற்கு மேலே ஒரு சின்னப் படம். நிமிர்ந்த ஒரு கோடு, அதன் பின்னால் புள்ளி புள்ளியாக எதையோ நிரப்பி, அதன் குறுக்கே ஒரு சாய்கோடு. சாய்கோட்டின் அடியில் 45 என்றும் அதோடு ஒரு பாதிக் கோணம் என்றும் எழுதியிருந்தான்.

அந்தப் படம் எனக்குப் புரியவே இல்லை. கணக்குப் பரீட்சையில் எதற்குப் படம்? அன்றிரவு சாப்பிடும்போதும் அதே யோசனை. என் பயத்தைக்கூட அது கொஞ்சம் தள்ளி வைத்தது.

காலையில் அவன் வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டேன். "இது என்னப்பா படம்?"

அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. "அது ஒண்ணுமில்ல மேடம், சும்மா ரஃப்ல போட்டது."

"சொல்லு. எனக்குத் தெரிஞ்சாகணும்."

"தடுப்புச் சுவர் மேடம். பின்னாடி இருக்கறது மண்ணு. சுவரு கொஞ்சம் முன்னாடி நகந்துச்சுன்னா மண்ணு சரியும் இல்லியா, அது இஷ்டத்துக்குச் சரியாது. ஒரு கோட்டுலதான் சரியும். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு உராய்வுக் கோணம் இருக்குது. அதுல பாதி எடுத்து நாப்பத்தஞ்சக் கூட்டுனா, அந்தக் கோடு தரையோட எவ்ளோ சாய்வா இருக்கும்னு வந்துடும். மூணாவது வருஷத்துல இருந்து எங்களுக்கு அது மனப்பாடம்."

"சரி, அது இந்தக் கணக்குக்குள்ள எப்படி வந்துச்சு?"

"ஹால்ல உக்காந்துகினு பாக்கறேன், செக்கோட இன்டகரல் மறந்துபோச்சு மேடம். லாக் வரும், டேன் வரும், அது மட்டும் ஞாபகம் இருக்குது. டேனுக்குள்ள இன்னா போடறதுன்னு தெரில. எனக்குத் தெரிஞ்ச கோணம் நாப்பத்தஞ்சும் பாதியும்தான். போட்டுப் பாப்போம், வரலன்னா வுட்டுடலாம்னு போட்டேன். வகையிட்டுப் பாத்தா செக் வந்துடுச்சு. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. ஆனா எப்படி வந்துச்சுன்னு தெரில மேடம். மண்ணு சரியறதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

எனக்குத் தெரியாது. இருவரும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, மண்ணுக்கு அந்தக் கோணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தோம். அவன் மண்ணைப் பற்றிச் சொன்னான், நான் அதை முக்கோணவியலாக மாற்றினேன். ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். இரண்டு இடத்திலும் ஒரே முற்றொருமைதான் வேலை செய்கிறது என்று தெரிந்ததும் மேஜையைத் தட்டிவிட்டேன். முப்பது வருஷமாகப் 'பின்னாடி தேவைப்படும்' என்று நான் சொல்லி வந்த கணக்குக்குப் பின்னாடி இருந்த மண், சுவர் எல்லாம் அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒன்றரை மணி நேரம் நான் செய்த தப்பு எனக்கு மறந்தே போயிற்று.

பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தே முக்கால்.

பரிந்துரைப் படிவத்தில் பதினாறு என்று எழுதினால் போதாது என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. மறுமதிப்பீட்டுக்கு உட்காருபவரிடமும் அதே விடைக்குறிப்புதான் இருக்கும். அவருக்கும் ஒரு பஸ் இருக்கும். விடை வேறாக இருக்கிறது, முதலில் திருத்தியவரும் கோடு போட்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டு ஆறையே திரும்பப் போட்டால், ஏழுமலையின் வேலை போய்விடும். அவரை நிற்கவைக்க ஒரே வழிதான் இருந்தது. முதலில் திருத்தியவரே, நான் செய்தது தப்பு என்று எழுதித் தர வேண்டும்.

ஏழுமலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு பக்கத்தில் நிரூபணம் எழுதினேன். இன்னொரு தாளில் நாலே வரி: இந்தத் தாளைத் திருத்தியது நான்தான் என்று என் கையெழுத்திலிருந்து தெரிகிறது, இந்த விடை விடைக்குறிப்பில் உள்ளதற்குச் சமமானது, அவசரத்தில் நான் சரிபார்க்கத் தவறினேன், மாணவருக்கு உரிய மதிப்பெண்ணை வழங்க வேண்டுகிறேன்.

படிவம் துறைத் தலைவர் வழியாகத்தான் பிரின்சிபாலுக்குப் போக வேண்டும். அப்போது எங்கள் துறைத் தலைவராக இருந்தவர் நல்ல மனிதர், ஆனால் எதிலும் ஜாக்கிரதை ஜாஸ்தி. கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

"மேடம், பதினாறு போட்டுக் கொடுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். இந்தக் கடிதம் மட்டும் வேணாம். யார் திருத்தினாங்கன்றதே ரகசியம். அத நீங்களே எழுத்துல வெச்சா இன்னா ஆகறது?"

"பையன் ஃபெயில் ஆனா இன்னா ஆகறது சார்?"

"நாளைக்கு உங்களக் கேள்வி கேட்டா?"

"பதில் தெரியுமே சார். எழுதியே வெச்சிருக்கேன்."

அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். கடிதத்தில் போடவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

பிரின்சிபால் அன்று கல்லூரியில் இல்லை. கிரிவலத்துக்கு எங்கள் பிள்ளைகள் நூறு பேரைத் தொண்டர்களாக அனுப்புவது வழக்கம். அது தொடர்பான கூட்டத்துக்காக வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தார். போன் அடித்தால் எடுக்கவில்லை. பௌர்ணமி அன்று நம் ஊரில் வண்டி எங்கே போகும், எங்கே நிற்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோக்காரர் பாதி வழியில், "அதுக்கு மேல வுட மாட்டாங்கம்மா, எறங்கிக்கோங்க" என்றார். மீதியை நடந்தேன். ஜூன் வெயில், எதிரே மலையைச் சுற்றக் கிளம்பிய கூட்டம், கையில் அந்த பிளாஸ்டிக் ஃபைல். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது, முழங்கால் வலி வேறு. நேரம் இரண்டே கால்.

கூட்டம் முடிந்து பிரின்சிபால் வெளியே வரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. வராந்தாவில் நின்றபடியே படித்தார்.

"நீங்கதான் திருத்துனீங்கன்னு நிச்சயமாத் தெரியுமா மேடம்?"

"என் கையெழுத்து எனக்குத் தெரியாதா சார்?"

"இத அனுப்பினா எக்ஸாமினர் லிஸ்ட்லருந்து உங்களத் தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும் சார். அவன் வேல போயிட்டா அத யாரால திருப்பித் தர முடியும்?"

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு, "ஒண்ணு மட்டும். ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்தப் பையன்கிட்ட இதச் சொல்லாதீங்க. அவன் நாலு பேர்கிட்ட சொல்லுவான், வேற மாதிரி ஆயிடும்" என்றார். நான் சரி என்றேன். அங்கிருந்த ஜீப்பின் பானெட் மேல் வைத்து, படிவம், கடிதம் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். தகடு கொதித்துக்கொண்டிருந்தது. சுட்ட கையை உதறியபடியே கையெழுத்துக்குக் கீழே தேதி எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது. போனில் படம் எடுத்துக் கல்லூரித் தேர்வுப் பிரிவுக்கு அனுப்பினேன். மூன்று ஐம்பதுக்கு அவர்கள் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிவிட்டதாகப் பதில் வந்தது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருந்த கடையில் ஒரு டீ குடித்தேன்.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. ஏழுமலை தினமும் தேர்வுப் பிரிவு வாசலில் வந்து நிற்பான் என்று சொன்னார்கள். அவன் கம்பெனி கேட்ட நாளுக்கு நாலு நாள் முன்னால் முடிவு வந்தது. தேர்ச்சி.

பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அடுத்த நாலு செமஸ்டருக்கு விடைத்தாள் திருத்தும் பணியிலிருந்து விடுவிக்கிறோம் என்று. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என்னை உறுத்திய இன்னொன்று இருந்தது. அந்த மாலை நான் தள்ளிவிட்ட மற்ற தாள்கள்? அந்தக் கட்டை மறுபடி பார்க்க அனுமதி கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். அதற்கும் வரவில்லை. அவற்றில் இன்னொரு ஏழுமலை இருந்தானா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. நீங்கள் முகாமுக்குப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள் என்றுகூட நான் சொல்லப்போவதில்லை. விடைக்குறிப்பில் இல்லாத ஒன்றைப் பார்த்து 'இது எப்படி வந்தது?' என்று தோன்றினால், அந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் உட்காருங்கள். கால்குலேட்டரில் ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கள். எனக்கு அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

வேலையில் சேரப் போகும் முன் ஏழுமலை சொல்லிக்கொண்டு போக வந்தான். முடிவு வந்துவிட்டதால் பிரின்சிபாலுக்குக் கொடுத்த வாக்கும் முடிந்திருந்தது. உட்காரச் சொல்லிவிட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே சொன்னேன்.

"ஏழுமலை, உன் பேப்பரத் திருத்தினது நான்தாம்ப்பா. சரியான விடைய நான்தான் அடிச்சேன்."

"தெரியும் மேடம்."

எனக்குப் புரியவில்லை. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஜெராக்ஸ் வந்த அன்னைக்கே பாத்துட்டேன். மொதல் வருஷம் பூரா உங்க கையால டெஸ்ட் பேப்பர் வாங்கியிருக்கேனே, உங்க எழுத்து எனக்குத் தெரியாதா?"

மாணவன் யார் என்று திருத்துபவருக்குத் தெரியாமல் இருக்க நாம் எவ்வளவோ செய்கிறோம். திருத்தியவர் யார் என்று அந்தப் பிள்ளை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டது.

"தெரிஞ்சுமா என்கிட்டயே எடுத்துகினு வந்த? கோவம் வரலியா உனக்கு?"

"கோவமெல்லாம் இல்ல மேடம்." தலையைக் குனிந்துகொண்டான். "வேற யாராவது போட்டிருந்தா, மார்க் கம்மி பண்ணிட்டாங்கன்னு அன்னைக்கே ஓடி வந்திருப்பேன். நீங்க போட்டிருக்கீங்கன்னதும், நாமதான் எங்கியோ தப்புப் பண்ணிட்டோம்னு நெனச்சிகினேன். ஒரு வாரம் திருப்பித் திருப்பிப் போட்டேன். அந்தத் தப்பு கெடைக்கவே இல்ல. அதுக்கப்பறம்தான் உங்ககிட்ட வந்து கேட்டேன்."

சரியான விடையை எழுதி, அதைத் தானே சரிபார்த்து டிக்கும் போட்டவன், வேலை கையை விட்டுப் போய்க்கொண்டிருந்த ஒரு வாரம் முழுவதும், என் எழுத்தை நம்பி, தன்னிடம் இல்லாத தப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். அவனுடைய மதிப்பெண் அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அந்த ஒரு வாரத்துக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, விடுங்க மேடம்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனான். என்னால்தான் விட முடியவில்லை.